மண்ணுக்குள் இருக்கும் பொன்னும் கையில் இருக்கும் பொன்னும்



சென்ற மாதம் ஒரு தாயிடமிருந்து கடிதம் வந்தது. பெயரும் ஊரும் வெளியில் வரக்கூடாது என்று கேட்டிருந்தார். கணவர் மௌத்தாகி ஏழு வருடங்கள். மூத்த மகன் அவுஸ்திரேலியாவில் பேர்த் நகரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். மாதம் தவறாமல் காசு அனுப்புகிறார். இளைய மகளுக்குக் கலியாணம் பேசிக் கொண்டிருக்கிறார்கள். தாயிடம் ஆறு பவுண் காப்பு இருக்கிறது. அது கணவர் மஹராகக் கொடுத்தது. மகளின் கலியாணத்தின்போது அவளது கையிற் போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்.

மகன் இப்போது ஒரு யோசனை சொல்கிறார். தங்கமும் நிக்கலும் தேடும் ஒரு சிறிய சுரங்கக் கம்பனியின் பங்கு ஒன்று நாலு சதத்துக்கு விற்கிறதாம். ஒரு டொலருக்குப் போகும் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்களாம். தனது சேமிப்பையும் போட்டு, உம்மாவின் காப்பையும் விற்றுப் போட்டால் கலியாணச் செலவு, வீட்டுக்கு மேல்மாடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கலாம் என்கிறார்.

தாய் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். "மௌலவி, இது ஹலாலா? இதில் காசு பெருகுமா?" அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "வேண்டாம் என்று சொன்னால் மகன், உம்மாவுக்கு என் மேல் நம்பிக்கை இல்லை என்று நினைப்பானோ என்று பயமாக இருக்கிறது." எனக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிய கேள்வியாகப் பட்டது. முதல் இரண்டையும் தெளிவாகச் சொன்னால் மூன்றாவதுக்கும் வழி பிறக்கும். ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

சிறு சுரங்கக் கம்பனி என்றால் என்ன?

சுரங்கக் கம்பனி என்றதும் பெரிய குழி, பெரிய லொறிகள், இரவு பகலாக ஓடும் ஆலை என்று நம் மனக்கண்ணில் தோன்றும். நாலு சதத்துக்குப் பங்கு விற்கும் கம்பனிகளில் பெரும்பாலானவற்றிடம் இவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. ஒரு நிலத்தில் தேடுவதற்கான அனுமதிப் பத்திரம், சில புவியியலாளர்கள், ஒரு சிறு அலுவலகம், வங்கியில் கொஞ்சக் காசு. அவ்வளவுதான். அவர்கள் கனியத்தை விற்பதில்லை, தேடுகிறார்கள். வருமானம் இல்லை, செலவு மட்டும் உண்டு.

அந்தச் செலவுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? புதிய பங்குகளை வெளியிட்டு விற்பதிலிருந்து. காசு முடிந்ததும் மீண்டும் வெளியிடுவார்கள். இதை ஒரு வீட்டுக் கணக்கில் பாருங்கள். ஒரு சட்டிச் சோற்றுக்கு ஆறு பேர் பங்காளிகள். சோறு இன்னும் வேகவில்லை, விறகு முடிந்துவிட்டது. விறகு வாங்க இன்னும் மூன்று பேரைச் சேர்க்கிறார்கள். பிறகு இன்னும் மூன்று பேர். சட்டி அதே சட்டிதான். முதலில் ஆறில் ஒன்று உங்களுடையது. இப்போது பன்னிரண்டில் ஒன்று. சோறு வெந்தாலும் உங்கள் கோப்பைக்கு வருவது பாதிதான்.

நாலு சதம் என்பதால் மலிவு என்று நினைப்பதும் தவறு. அந்தக் கம்பனி 50 கோடி பங்குகளை வெளியிட்டிருந்தால், பங்கொன்று நாலு சதப்படி முழுக் கம்பனியின் விலை 2 கோடி டொலர். ஒரு டொலருக்குப் போக வேண்டுமென்றால் அதே கம்பனி 50 கோடி டொலர் பெறுமதியாக வேண்டும். அது எதனால் பெறும்? நிலத்துக்குள் அவ்வளவு கனியம் இருந்தால், அதை எடுக்க முடிந்தால், எடுக்கும் செலவைவிட விற்கும் விலை கூடுதலாக இருந்தால். மூன்று "இருந்தால்" இருக்கின்றன. ஒன்று தவறினாலும் கதை முடிந்தது.

நிலத்துக்குள் இருப்பதைச் சொல்வதிலும் படிகள் உண்டு. துளையிட்டுப் பார்த்து "இங்கே இவ்வளவு இருக்கக்கூடும்" என்று கணிப்பதை கனிய வளம் என்கிறார்கள். அதிலும் ஊகத்துக்கு அருகில் உள்ளது, ஓரளவு நிச்சயமானது, அளந்து உறுதியானது என்று மூன்று தரம். அதற்கு மேலே, இலாபத்துடன் தோண்டி எடுக்கலாம் என்று செலவுக் கணக்கும் போட்டு முடித்ததை கனிய இருப்பு என்கிறார்கள். வளமும் இருப்பும் ஒன்றல்ல. தேடப்படும் இடங்களில் மிகச் சிலவே சுரங்கமாக மாறுகின்றன. மாறுவதற்கும் பத்து வருடங்களுக்கு மேல் செல்வது சாதாரணம். கலியாணத்துக்கு நாள் குறித்தவர் காத்திருக்கக்கூடிய காலமா அது?

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஒரு தொன் பாறையில் 3 கிராம் தங்கம் இருந்தால் அதை நல்ல செய்தி என்று அறிவிப்பார்கள். அந்தக் கணக்கின்படி, கடிதம் எழுதிய தாயின் ஆறு பவுணை, அதாவது 48 கிராமை, எடுப்பதற்கு 16 தொன் பாறையை உடைத்து மாவாக்க வேண்டும். அந்தப் 16 தொன்னை யாரோ ஏற்கனவே உடைத்துத் தந்ததுதான் அவரது கையில் காப்பாக இருக்கிறது. அதை விற்று இன்னொரு பாறைக்குள் தங்கம் தேடப் போவதா என்பதே கேள்வி.

விலை யாருடைய கையில்?

மண்ணுக்குள் கனியம் மெய்யாகவே இருந்தாலும் அதன் விலை கம்பனியின் கையில் இல்லை. நம் கடைக்காரர் தேங்காய் விலை குறைந்தால் இன்று விற்காமல் வைத்திருக்கலாம். சுரங்கத்தை அப்படி மூடித் திறக்க முடியாது. தொழிலாளர் சம்பளம், எண்ணெய், மின்சாரம், கடன் எல்லாம் ஓடிக் கொண்டே இருக்கும்.

ஒரு உதாரணம். ஒரு அவுன்ஸ் எடுக்க 1500 டொலர் செலவாகிறது. சந்தையில் 1800 டொலர் கிடைக்கிறது. இலாபம் 300. விலை பத்து வீதம் குறைந்து 1620 ஆகிறது. இலாபம் 120 ஆகிவிடும். விலை குறைந்தது பத்து வீதம். இலாபம் குறைந்தது அறுபது வீதம். ஏறும்போதும் இப்படியே ஏறும். அதனால்தான் உலோகத்தின் விலை சிறிது அசைந்தாலும் சுரங்கப் பங்கு தாறுமாறாக ஆடுகிறது.

உலோக விலை எவ்வளவு அசையும் தெரியுமா? 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் தங்கம் 850 டொலர் வரை போனது. 1999இல் அது ஏறக்குறைய 250 டொலருக்கு இறங்கியது. 2011இல் 1900 டொலர் அளவைத் தொட்டு, 2015 இறுதியில் 1050 அளவுக்கு வந்தது. பிறகு ஏறி 2025 ஒக்டோபரில் முதன்முறையாக 4000 டொலரைத் தாண்டியது. ஏற்றத்தில் வாங்கியவர்கள் பலர் இருபது வருடங்களுக்கு மேல் காத்திருந்திருக்கிறார்கள்.

நிக்கல் இன்னும் மோசம். 2022 மார்ச் 8ஆம் திகதி இலண்டன் உலோகச் சந்தையில் ஒரு தொன் நிக்கல் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியது. சந்தையை நடத்துபவர்களே வியாபாரத்தை நிறுத்தி, அன்றைய கொடுக்கல் வாங்கல்களை ரத்துச் செய்தார்கள். அதன் பின் இந்தோனேசியாவிலிருந்து நிக்கல் பெருமளவில் வந்து குவிந்தது, விலை சரிந்தது. உலகின் மிகப் பெரிய சுரங்கக் கம்பனிகளில் ஒன்றான பிஎச்பி கூட மேற்கு அவுஸ்திரேலியாவிலுள்ள தனது நிக்கல் வேலைகளை 2024 ஒக்டோபரில் நிறுத்தி வைத்தது. மின்சார வாகன பற்றரிக்குத் தேவைப்படும் லிதியத்தின் விலை 2022இல் உச்சிக்குப் போய், 2024இற்குள் எண்பது வீதத்துக்கு மேல் விழுந்தது. மலை போன்ற கம்பனியே மூச்சு வாங்கும்போது நாலு சதக் கம்பனி என்ன பாடுபடும்?

இரண்டு உண்மைக் கதைகள்

முதற் கதை, அந்த மகன் இருக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவிலேயே நடந்தது. 1969ஆம் ஆண்டு. வியட்நாம் யுத்தத்தினால் நிக்கலுக்குத் தேவை கூடியிருந்தது. கனடாவின் பெரிய நிக்கல் சுரங்கங்களில் வேலைநிறுத்தம். சந்தையில் நிக்கல் இல்லை, விலை பறந்தது. அவ்வேளையில் பொசைடன் என்ற சிறு கம்பனி விண்டாரா என்ற இடத்தில் துளையிட்டு நிக்கல் கண்டது. செப்டெம்பர் தொடக்கத்தில் 80 சதத்துக்கு விற்ற பங்கு, 1970 பெப்ரவரியில் 280 டொலரைத் தொட்டது. அது அத்தோடு நிற்கவில்லை. அந்த ஊருக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த கம்பனி, பக்கத்தில் நிலம் வாங்கப் போவதாகச் சொன்ன கம்பனி என்று எல்லாவற்றின் பங்குகளும் ஏறின. கதையை மட்டும் விற்றவர்களும் இருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பொசைடன் கண்டது பொய்யல்ல. நிக்கல் மெய்யாகவே இருந்தது. ஆனால் நினைத்த அளவுக்குத் தரமானதாக இருக்கவில்லை. சுரங்கம் வேலை தொடங்க 1974 ஆகிவிட்டது. அதற்குள் வேலைநிறுத்தம் முடிந்து, தேவை குறைந்து, நிக்கல் விலை இறங்கியிருந்தது. 1976இல் கம்பனி கடனில் மூழ்கிப் பங்குச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. அவுஸ்திரேலிய செனட் சபையின் ஒரு குழு அக்காலத்துப் பங்கு வியாபாரத்தை விசாரித்து 1974இல் அறிக்கை வெளியிட்டது. புதிய சட்டங்களுக்கு அது வழி செய்தது. 280 டொலருக்கு வாங்கியவர்களின் காசை அது திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது கதை வஞ்சகத்தின் கதை. கனடாவின் கல்கரி நகரில் பிரே-எக்ஸ் என்றொரு சிறு கம்பனி. 1993இல் இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தான் காட்டுக்குள் புசாங் என்ற இடத்தில் நிலம் எடுத்தது. துளையிட்ட ஒவ்வொரு முறையும் முன்னையதைவிடக் கூடுதலாகத் தங்கம் இருப்பதாக அறிவித்தது. 1997 தொடக்கத்தில் 7 கோடி 10 இலட்சம் அவுன்ஸ் என்றார்கள். சில சதத்துக்கு விற்ற பங்கு, இடையில் ஒன்றைப் பத்தாகப் பிரித்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால் 280 டொலருக்கு மேலே போனது. கம்பனியின் மொத்தப் பெறுமதி 600 கோடி கனடிய டொலர் அளவுக்கு வந்தது.

துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி மறு பாதியைச் சாட்சிக்கு வைப்பது சுரங்கத் துறையின் வழக்கம். புசாங்கில் அவர்கள் முழுவதையும் அரைத்து அனுப்பினார்கள். சாட்சி மிஞ்சவில்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. விலை ஏறிக் கொண்டிருக்கும்போது யார் கேட்பார்?

1997 மார்ச் 19ஆம் திகதி அந்த இடத்தின் தலைமைப் புவியியலாளர் ஹெலிகொப்டரிலிருந்து காட்டுக்குள் விழுந்து இறந்தார். ஒரு வாரத்தில், பங்காளியாகச் சேரவிருந்த பெரிய கம்பனியான ஃப்ரீபோர்ட், தானே துளையிட்டுப் பார்த்ததில் சொல்லத்தக்க தங்கம் இல்லை என்று அறிவித்தது. அடுத்த நாளே பங்கு எண்பது வீதத்துக்கு மேல் விழுந்தது. மே மாதம் சுயாதீன நிபுணர்களின் அறிக்கை வந்தது. பாறைத் தூளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது. அந்தத் துகள்கள் ஆற்றில் உருண்டு வந்த தங்கத்தின் வடிவத்தில் இருந்தன. ஆற்றில் அரித்து எடுத்த பொன்னைத் தூவி, காட்டுக்குள் பொன் மலை இருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள்.

நட்டப்பட்டவர்கள் அறியாத ஏழைகள் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒன்டாரியோ மாகாண ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியே 10 கோடி கனடிய டொலர் அளவில் இழந்தது. படித்தவர்களும் கணக்காளர்களும் இருந்து நடத்தும் நிதி அது. கம்பனியின் தலைவர் 1998இல் இறந்தார். மூத்த புவியியலாளரை 2007இல் நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது. மோசடிக்காக ஒருவரும் சிறை செல்லவில்லை. 2001இலிருந்து கனடாவில், தகுதி பெற்ற நிபுணர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடாமல் கனிய அளவை அறிவிக்கக் கூடாது என்ற கடுமையான விதி வந்தது. அவுஸ்திரேலியாவிலும் இதுபோன்ற விதிக்கோவை 1989இலிருந்து இருக்கிறது. இவை பொய்யைக் குறைக்கும். வெறும் மண்ணைப் பொன்னாக்காது.

என் சொந்தக் கதை

பிறருடைய கதையைச் சொல்லிவிட்டு என்னுடையதை மறைத்தால் நீதியல்ல. மத்ரஸாவிலிருந்து பட்டம் பெற்று வெளியேறி, கலியாணம் முடித்து ஒரு வருடம் இருக்கும். இரத்தினபுரிப் பக்கம் ஒரு வயலில் மாணிக்கக் குழி தோண்டுகிறார்கள், ஒரு பங்கு இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். நம்மவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. நிலச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப் பத்திரம் எடுத்தவருக்கு ஒரு பங்கு, தண்ணீர் இறைக்கும் மெஷின் கொடுத்தவருக்கு ஒரு பங்கு, குழியில் இறங்குபவர்களுக்குப் பங்கு என்று பிரித்துக் கொள்வார்கள். பேருவளையில் கல் வியாபாரம் செய்யும் குடும்பங்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ கிதாபு மட்டும்தான் தெரியும்.

என்னிடம் காசு இருக்கவில்லை. மனைவியின் சங்கிலியைக் கேட்டேன். அது அவரது மஹர். அவர் கழற்றித் தந்தார். "தந்தார்" என்று எழுதுகிறேன்; மறுக்க அவருக்கு நான் இடம் வைத்தேனா என்பதை இன்றும் யோசிக்கிறேன்.

முதல் மாதம் "இன்னும் பத்து அடி" என்றார்கள். மெஷினுக்கு எண்ணெய், ஆட்களுக்குச் சாப்பாடு என்று மீண்டும் காசு கேட்டார்கள். கொடுத்தேன். கொடுக்காவிட்டால் முதலில் போட்டதும் போய்விடுமே என்ற பயம். இரண்டாம் மாதமும் அதே சொல். பின்பு இல்லம் என்று சொல்லும் கல் மண் படையை அடைந்தார்கள். கூடை கூடையாகக் கழுவினார்கள். நானும் ஒரு நாள் போய்க் கரையில் நின்று பார்த்தேன். அற்பமான சில கற்கள் வந்தன; எண்ணெய்க் காசுக்கும் போதவில்லை. பெருமழையில் குழி சரிந்தது. வேலை நின்றது.

அந்த நண்பர் என்னை ஏமாற்றவில்லை. அவரும் இழந்தார். மண் வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். சுரங்கத்தில் காசு போவதற்கு ஒரு கள்ளன் அவசியம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் கள்ளன் இல்லாமலேயே போகிறது.

அடுத்த வருடம் மனைவியின் தங்கையின் கலியாணம். என் மனைவி தனது தாத்தாவிடம் இரவல் சங்கிலி வாங்கிப் போட்டுக் கொண்டு வந்தார். என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் கடனைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தீர்க்க எனக்கு ஆறு வருடங்கள் சென்றன.

மார்க்கம் சொல்வது

இனி ஹலாலா என்ற கேள்வி. ஒரு கம்பனியின் பங்கை வாங்குவது அதன் சொத்திலும் தொழிலிலும் கூட்டுச் சேர்வதாகும். தங்கமோ நிக்கலோ தோண்டுவது தன்னளவில் ஆகுமான தொழில். ஆகவே சுரங்கப் பங்கு என்பதற்காகவே ஹராம் என்று சொல்ல முடியாது. இலாபமும் நட்டமும் கூட்டுத் தொழிலின் இயல்பு. நட்டம் வரக்கூடும் என்பது மட்டும் ஒரு தொழிலை ஹராமாக்காது.

ஆனால் நபி (ஸல்) அவர்கள் கரர் உள்ள விற்பனையைத் தடுத்தார்கள். எதை வாங்குகிறோம், கிடைக்குமா கிடைக்காதா என்பதே தெரியாத விற்பனை அது. கடலிலுள்ள மீனையும் வானில் பறக்கும் பறவையையும் புகஹாக்கள் அதற்கு உதாரணம் காட்டுவார்கள். கம்பனியிடம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அதன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல், "ஏறும்" என்ற ஒரே சொல்லுக்காக வாங்கி நாளைக்கே விற்க நினைப்பவர் கூட்டுத் தொழில் செய்யவில்லை. அவரது செயல் சூதாட்டத்தின் வாசலில் நிற்கிறது.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கம்பனி வட்டிக் கடனில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது. மற்றது, அதன் சொத்து முழுவதும் வங்கியிலுள்ள காசாகவே இருக்கிறதா என்பது. அப்படியானால் அதன் பங்கைக் கூடக்குறைய விற்பது காசுக்குக் காசு விற்பது போலாகிவிடும் என்று சமகால அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். தேடும் கம்பனிகள் பலவற்றுக்கு இந்தக் கேள்வி நேராகப் பொருந்தும். விபரங்களுடன் ஒரு ஆலிமிடம் நேரிற் கேட்டுக் கொள்வதே பேணுதல்.

ஸகாத்தையும் மறக்க வேண்டாம். ஷாஃபி மத்ஹபின் ஏற்றமான கருத்தின்படி, வழக்கமான அளவில் அணிவதற்காக வைத்திருக்கும் ஆகுமான நகைக்கு ஸகாத் கடமையில்லை. அதை விற்றுக் காசாக்கி, விற்று இலாபம் பெறும் நோக்கத்தோடு பங்கு வாங்கினால் அது வியாபாரப் பொருளாகிறது. நிஸாப் அளவு இருந்து வருடமும் பூர்த்தியானால், அன்றைய சந்தைப் பெறுமதியில் இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மஹர் பெண்ணின் சொத்து. அவள் மனம் விரும்பித் தந்தாலே மற்றவருக்கு ஆகும் என்பதை ஸூரத்துன் நிஸாவின் ஆரம்பத்திலேயே காண்கிறோம். வெட்கத்தினால் தருவதும், மனஸ்தாபத்துக்குப் பயந்து தருவதும் மனம் விரும்பித் தருவதாகுமா? கணவர்மாரும் பிள்ளைகளும் இதைத் தங்களிடமே கேட்டுப் பார்க்க வேண்டும். நான் காலம் பிந்திக் கேட்டவன்.

இன்னொன்று, நிலத்துக்கு மேலே வாழ்பவர்களின் உரிமை. அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு சிறு கம்பனி நமது மன்னார்த் தீவின் கனிய மணலைப் பல வருடங்களாக ஆய்வு செய்தது. கடல் மட்டத்தோடு ஒட்டிய அந்தத் தீவில் மணலை அள்ளினால் கிணற்றுத் தண்ணீர் கெடும், வெள்ளம் வரும் என்று அங்குள்ள மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பேர்த்தில் பங்கு வாங்கும் ஒருவருக்கு அது திரையில் தெரியும் ஒரு இலக்கம். மன்னாரில் ஒரு உம்மாவுக்கு அது வீட்டுக் கிணறு. அனுமதி கிடைக்காமற் போவதும் இத்தொழிலின் ஒரு ஆபத்து என்பதையும் இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

மகனிடம் கேட்க வேண்டியவை

சகோதரியே, மகனுக்கு "வேண்டாம்" என்று எழுத வேண்டாம். இந்தக் கேள்விகளை எழுதுங்கள். பிள்ளை தேடிப் பார்த்துப் பதில் எழுதட்டும். பட்டியலிடப்பட்ட கம்பனி இவற்றைப் பகிரங்கமாக வெளியிட வேண்டியிருப்பதால் பதில் கிடைக்கும்.

1. கம்பனியின் கையில் இன்று எவ்வளவு காசு இருக்கிறது? மூன்று மாதத்துக்கு எவ்வளவு செலவாகிறது? எத்தனை மாதத்துக்குப் போதும்?

2. மொத்தப் பங்குகள் எத்தனை? மூன்று வருடத்துக்கு முன் எத்தனை?

3. அவர்கள் சொல்லும் அளவு வளமா, இருப்பா? வளமென்றால் எந்தத் தரம்?

4. தங்கம், நிக்கல் என்ன விலையில் விற்றால் இலாபம் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்? விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும்?

5. நிலம் யாருடையது? தோண்டும் அனுமதி கிடைத்துவிட்டதா, தேடும் அனுமதி மட்டும்தானா?

6. கம்பனியின் பணிப்பாளர்கள் தங்கள் காசில் பங்கு வாங்குகிறார்களா, விற்கிறார்களா? வாங்கச் சொன்ன நண்பர் எந்த விலைக்கு வாங்கினார்?

7. விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இருக்குமா? ஒரு நாளில் எத்தனை பங்கு கைமாறுகிறது?

ஏழுக்கும் பதில் வந்து, திருப்தியும் ஏற்பட்டு, மகன் தனது காசில் ஒரு சிறு தொகையைப் போட நினைத்தால் அது அவரது உரிமை. ஆனால் அந்தத் தொகை முழுவதும் போனாலும் அவரது வாடகையும் உங்கள் அடுப்பும் நிற்கக் கூடாது. கடன் வாங்கிப் போடக் கூடாது. கலியாணம், வைத்தியம், ஹஜ் என்று நாள் குறித்த காசைப் போடக் கூடாது. காப்பின் விலையும் ஏறி இறங்கும்தான். ஆனால் காப்புக்குப் புதிய பங்காளிகள் வரமாட்டார்கள். அதற்கு மெஷின் எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. மகளின் கலியாணத்தன்று அது பெட்டியில் இருக்கும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மகன் மனம் நோவானோ என்று பயப்படுகிறீர்கள். தூர தேசத்தில் நின்று வேலை செய்யும் பிள்ளை, உம்மாவின் கஷ்டத்தையும் தங்கையின் கலியாணத்தையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற துடிப்பில்தான் இதைச் சொல்லியிருக்கிறார். அந்தத் துடிப்பை முதலில் அங்கீகரியுங்கள். இப்படி எழுதலாம்: "மகன், நீ மாதா மாதம் அனுப்பும் காசு எனக்குப் போதும். மேல்மாடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காப்பு உன் வாப்பா போட்டது. அதைத் தங்கச்சியின் கையில் பார்க்க ஆசைப்படுகிறேன். உன் காசையும் அவசரப்பட்டுப் போடாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடு. நீ என்ன கண்டுபிடித்தாய் என்று எனக்கும் சொல்." உம்மா தன்னை நம்பவில்லை என்று இதை வாசிக்கும் எந்தப் பிள்ளை நினைக்கும்?

என் மனைவிக்கு அன்று இப்படி ஒரு கடிதம் எழுத முடியவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம். அவர் மௌனமாகக் கழற்றித் தந்தார். இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "ஆறு வருஷமில்லை, ஏழு" என்று திருத்தினார்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்திலும் சேமிப்பிலும் பரக்கத் செய்வானாக. அடுத்த மாதம் இன்ஷா அல்லாஹ் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.